பழைய ரேஸ் சைக்கிளை அடையாளம் காண்பதும் மீட்டெடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ரேஸ் சைக்கிள் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் எழும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 1930களிலிருந்து 1980களின் பிற்பகுதி வரை வந்த, ஸ்டீல் ஃபிரேமும் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள சைக்கிள்களுக்கு மட்டுமே இது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

சைக்கிள் இப்பதான் கைக்கு வந்திருக்கு. முதல்ல என்ன பண்ணணும்?

ஒன்றும் பண்ணாதீர்கள், கேமராவை எடுங்கள். செயின் இருக்கும் வலப்பக்கத்தை முழுதாக ஒரு படம். பிறகு ஃபிரேமின் ஒவ்வொரு மூட்டு, ஃபோர்க்கின் தோள், பின் சக்கர அச்சு உட்காரும் டிராப்அவுட், பெடல் அச்சு ஓடும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கூட்டின் அடிப்பக்கம், பாகங்களில் பொறித்திருக்கும் எழுத்துகள். எந்தக் கேபிள் எந்த வழியாகப் போனது, எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் கழற்றிய மறுவாரமே மறந்துவிடும்.

அதன் பிறகு காய்ந்த பிரஷ், நீர்த்த சோப்புத் தண்ணீர், பழைய பருத்தித் துணி. தின்னர், உப்புத்தாள், கம்பி பிரஷ் மூன்றையும் எடுத்து ஒளித்து வையுங்கள். அழுக்குக்கு அடியில்தான் மங்கிய எழுத்தும், லக் (குழாய்களை இணைக்கும் உலோக மூட்டு) ஓரத்தில் இழுத்த பொன்கோடும், விற்ற கடையின் சின்ன ஒட்டுச்சீட்டும் இருக்கும். ஹெட் டியூபில் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாய்) இருந்த உலோகச் சின்னம் விழுந்துபோயிருந்தாலும் அதன் ஆணித் துளைகள் மிஞ்சும். அவை மேலும் கீழுமாக இருக்கின்றனவா, பக்கவாட்டிலா, இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். கழற்றும் எதையும், துருவேறிய ஒற்றை போல்ட்டைக்கூட, தூக்கிப் போட வேண்டாம்.

ஸ்டிக்கர்ல பெரிய பேர் போட்டிருக்கு. நம்பலாமா?

நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். எல்லாப் பெரிய பெயர்களின் ஸ்டிக்கர்களும் இன்று புதிதாக அச்சடித்து விற்கப்படுகின்றன. ஸ்டிக்கர் ஒட்ட ஐந்து நிமிடம் போதும், லக்கில் சின்னத்தை வெட்டவோ வார்க்கவோ பட்டறை வேண்டும். கொல்னாகோ என்றால் சீட்டுக்கட்டின் கிளாவர் இலை, டி ரோசா என்றால் இதயம் என்று உலோகத்திலேயே அடையாளம் விட்டிருப்பார்கள். ஃபோர்க்கின் தோள், பி.பி. கூட்டின் அடிப்பக்கம், சீட் பகுதியில் ஸ்டே குழாய்களின் (பின்சக்கரத்தைத் தாங்கும் மெல்லிய குழாய்கள்) மேல்நுனி ஆகியவற்றில் தேடுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலப் பந்தய அணிகளில் ஓட்டுநருக்குப் பிடித்த கைவினைஞர் ஃபிரேமைச் செய்வார், ஸ்பான்சர் செய்த கம்பெனியின் நிறமும் பெயரும் மேலே ஏறும். ஆகவே பெயரும் ஃபிரேமும் ஒத்துப்போகாவிட்டால் உடனே போலி என்று முடிவு கட்டக்கூடாது. சில சமயம் அதுதான் சைக்கிளின் மதிப்பே.

நம்பர் அடிச்சிருக்கு. அதை வச்சு வருஷம் சொல்லிடலாமா?

தயாரிப்பாளரைப் பொறுத்தது. பி.பி. கூட்டின் அடியில், சீட் லக்கில், பின் டிராப்அவுட்டில், ஃபோர்க்கின் தண்டில் என்று நம்பர் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இங்கிலாந்தின் ராலே கம்பெனி இல்கெஸ்டன் ஊரில் வைத்திருந்த தனிப்பட்டறை 1974 முதல் செய்த ஃபிரேம்களில் எஸ்பி (SB) என்ற எழுத்துகளோடு தொடர் எண் இருக்கும். அதுபோன்ற எண்களை வைத்து காலத்தை நன்றாகவே நெருங்கலாம். இத்தாலியப் பட்டறைகள் பலவற்றில் நம்பரே கிடையாது. 56, 57 என்று இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஃபிரேமின் அளவு. அதை 1956 என்று படித்துச் சந்தோஷப்படுபவர்கள் நிறைய.

ஃபோர்க்கைக் கழற்றும்போது தண்டைத் துடைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் பில்டர்கள் பலர் ஃபிரேமில் அடித்த அதே எண்ணை அங்கேயும் அடித்தார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃபோர்க் அசல். விற்கும்போதும் வாங்கும்போதும் இதைவிடப் பெரிய சான்று கிடைப்பது அபூர்வம்.

நம்பரே இல்லை. அப்போ வயசை எப்படிக் கண்டுபிடிக்கறது?

பாகங்களிடம் கேளுங்கள். ஷிமானோ 1976 முதல் பாகங்களின் பின்புறம் இரண்டு ஆங்கில எழுத்துகளை அடித்தது. முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1976, பி என்றால் 1977, இப்படியே வரிசையாக. இரண்டாவது மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். எச், சி என்று இருந்தால் 1983 மார்ச். இத்தாலியப் பாகக் கம்பெனி கம்பான்யோலோவின் நுவோவோ ரெக்கார்ட் பின் டிரெய்லர் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகம்) 1967இல் வந்தது. 1970களின் டிரெய்லர்களில் பேட்டன்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு இலக்க ஆண்டு இருக்கும். அதே கம்பெனியின் ரெக்கார்ட் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) செயின்ரிங் போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 151 மில்லிமீட்டர் என்றால் அது 1967 வாக்கில் முடிந்த பழைய வகை, 144 என்றால் அதற்குப் பிந்தையது. ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் ஹப் இருந்தால் கவலையே இல்லை, ஆண்டு ஹப்பின் மேலேயே இருக்கும்.

பாகம் சொல்வது பாகத்தின் வயதை மட்டுமே. பின் டிரெய்லர் அடிபட்டு மாறியிருக்கலாம், சக்கரம் வேறு சைக்கிளிலிருந்து வந்திருக்கலாம். ஒன்றை வைத்து முடிவு செய்யாமல், தேதி தெரிந்த எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். ஹப், கிராங்க், பிரேக், டிரெய்லர் எல்லாம் ஒரே ஓரிரு ஆண்டுக்குள் விழுந்தால் சைக்கிள் கலையாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

ஃபிரேமின் உடம்பிலும் காலம் தெரியும். கியர் லீவர், கேபிள் வழிகாட்டி, தண்ணீர் பாட்டில் கூடு எல்லாம் கிளாம்ப் போட்டு மாட்டியிருந்தால் பெரும்பாலும் 1970களின் நடுப்பகுதி அல்லது அதற்கு முன். அவற்றுக்கான இருக்கைகள் ஃபிரேமிலேயே பற்றவைத்திருந்தால் அதற்குப் பின். பின் டிராப்அவுட் இடைவெளி 120 மில்லிமீட்டர் என்றால் ஐந்து பற்சக்கரக் காலம், 126 என்றால் ஆறு ஏழு, 130 என்றால் எட்டு. பிரேக் கேபிள் லீவரின் தலையிலிருந்து வளைந்து வெளியே தெரிவது பழைய முறை, ஹேண்டில்பார் டேப்புக்குள் ஒளிந்து போவது 1980களில் பரவியது.

இங்கிலாந்தா, இத்தாலியா, பிரான்ஸா? ஃபிரேம் எந்த நாட்டதுன்னு தெரியணும்.

பி.பி. கூட்டின் மரையைப் பாருங்கள். ஆங்கில மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று, கூட்டின் அகலம் 68 மில்லிமீட்டர், வலப்பக்கக் கப்புக்கு (பேரிங் குண்டுகள் உட்காரும் மூடி) இடது மரை. இத்தாலியம் 36 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24, அகலம் 70, இரு பக்கமும் வலது மரை. பிரெஞ்சு 35 மில்லிமீட்டர், சுற்றுக்கு 1 மில்லிமீட்டர், இரு பக்கமும் வலது மரை. சுவிஸ் மரை பிரெஞ்சின் அளவே, வலப்பக்கம் மட்டும் இடது மரை. ராலே தன் ஆலைச் சைக்கிள்களுக்கு அங்குலத்துக்கு 26 சுற்று என்று தனி வழியில் போனது. ஜப்பானியர்கள் பெரும்பாலும் ஆங்கில மரையையே எடுத்துக்கொண்டார்கள்.

இதனால்தான் வலப்பக்கக் கப்பைக் கழற்றும் முன் அகலத்தை அளக்கச் சொல்வது. 70 இருந்தால் இத்தாலியம் என்று எடுத்துக்கொண்டு இடஞ்சுழியாகத் திருப்பலாம். 68 இருந்தால் ஆங்கிலமா பிரெஞ்சா என்று முதலில் இடப்பக்கக் கப்பைக் கழற்றி அளந்து தீர்மானியுங்கள். ஆங்கிலமானால் வலப்பக்கக் கப்பு வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் வரும். திசை தெரியாமல் நீளக் குழாய் மாட்டி இழுத்தால் கப்பு இன்னும் இறுகும், கடைசியில் மரை உரிந்துபோகும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மும் ஒரு துப்பு தரும்: ஃபோர்க்குக்குள் இறங்கும் தண்டு 22.2 மில்லிமீட்டர் என்றால் பொது அளவு, 22.0 என்றால் பிரெஞ்சு.

குழாய் ஸ்டிக்கர் கிழிஞ்சு போச்சு. ரெனால்ட்ஸ் 531 மாதிரி நல்ல குழாயா, சாதா இரும்பான்னு எப்படித் தெரியும்?

சீட் பில்லரின் (சீட்டைத் தாங்கும் கம்பி) விட்டம் பாதி கதையைச் சொல்லிவிடும். ஆங்கில, இத்தாலிய ஃபிரேம்களில் சீட் டியூபின் வெளிவிட்டம் 28.6 மில்லிமீட்டர். குழாயின் சுவர் மெலிய மெலிய உள்ளே போகும் பில்லர் பெரிதாகும். இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் 531 பட்டட் (நுனிகளில் தடித்து நடுவில் மெலிந்த) குழாய்க்கும் இத்தாலியின் கொலம்பஸ் எஸ்எல் குழாய்க்கும் 27.2 பொருந்தும், சற்றுத் தடித்த கொலம்பஸ் எஸ்பிக்கு (SP) 27.0. சாதா இரும்பில் 26க்குக் கீழேகூட இறங்கும். பிரெஞ்சு குழாய் வெளிவிட்டமே 28.0 என்பதால் அங்கே 26.4 என்பது நல்ல குழாய். நாடு தெரியாமல் பில்லர் அளவை மட்டும் வைத்துப் பேசக்கூடாது என்பது இதற்காகத்தான். இப்போது உள்ளே இருக்கும் பில்லர் சரியான அளவுதானா என்றும் பாருங்கள். சிறிய பில்லரைப் போட்டு கிளாம்பை இறுக்கியிருந்தால் சீட் லக்கின் காதுகள் உள்ளே நெருங்கி வளைந்திருக்கும்.

ஃபோர்க் தண்டின் உள்ளே கீழ்ப்பகுதியில் திருகுசுழியாக ஓடும் மேடுகள் தெரிந்தால் கொலம்பஸ். டிராப்அவுட்டையும் பாருங்கள்: அடித்து வார்த்த தடித்த டிராப்அவுட்டில் கம்பான்யோலோ என்று பொறித்திருந்தால், அதை மட்டமான குழாயில் வைத்துப் பற்றவைக்க யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். தகட்டை வெட்டி மடித்தது போலிருந்தால் மலிவு ரகம்.

ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897இல் பட்டட் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். மாங்கனீஸ், மாலிப்டினம் கலந்த 531 கலவை வந்தது 1935இல். ஆகவே 1920களின் சைக்கிள் என்று சொல்லி 531 ஸ்டிக்கரோடு யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பழசு எல்லாமே அரியதுதானே?

இல்லை. 1970களின் சைக்கிள் அலையில் பத்து கியர் சைக்கிள்கள் லட்சக்கணக்கில் ஆலையிலிருந்து வந்தன. அவை பழசு, அவ்வளவுதான். ஓட்டுவதற்கு அருமையாக இருக்கலாம், அது வேறு விஷயம். அரியது என்று நான் சொல்வது ஒருவரோ சிலரோ கையால் செய்த ஃபிரேம்களையும், குறைந்த எண்ணிக்கையில் வந்த பந்தய மாடல்களையும்.

1930களின் பிரிட்டனில் வந்த விநோத ஃபிரேம்கள் இதற்கு நல்ல உதாரணம். ஹெட்சின்ஸ் பின் ஸ்டே குழாய்களை வளைத்து நெளித்தார்கள். பேட்ஸ் ஃபோர்க்கை இரட்டை வளைவாகச் செய்தார்கள். பெயின்ஸ் செய்த ஒன்றில் சீட் டியூப் கிட்டத்தட்ட செங்குத்தாகப் பின்சக்கரத்துக்கு நெருங்கி நிற்கும், அதற்குப் பறக்கும் கேட் என்றே பெயர். அமெச்சூர் பந்தயப் படங்களில் தயாரிப்பாளர் பெயர் தெரியக்கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறாமல், உருவத்தைப் பார்த்தே அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஓட்டத்துக்கு இந்த நெளிவுகள் பெரிதாக உதவின என்று எனக்குத் தோன்றவில்லை.

அரியதெல்லாம் விரும்பப்படுவதும் இல்லை. இரண்டு வருடம் மட்டும் ஓடி மூடிய பட்டறையின் சுமாரான ஃபிரேம் அரியதுதான், ஆனால் தேடுபவர் இருக்க மாட்டார். அசல் பாகங்களோடு முழுதாக இருக்கும் நடுத்தர சைக்கிளை, பாகங்கள் பறிபோன பெரிய பெயரைவிட உயர்வாக வைப்பேன்.

அடிபட்ட ஃபிரேமான்னு எப்படிப் பார்க்கறது?

கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். ஹெட் டியூபுக்குச் சற்றுப் பின்னால் டவுன் டியூபின் (அங்கிருந்து பி.பி. கூட்டுக்கு இறங்கும் குழாய்) அடிப்பக்கமும் டாப் டியூபின் அடிப்பக்கமும்தான் முக்கியம். முன்னால் மோதிய சைக்கிளில், தடித்த நுனி முடிந்து குழாய் மெலியத் தொடங்கும் இடத்தில் அலை போல ஒரு புடைப்பு இருக்கும். பெயின்ட் அங்கே குறுக்காக வெடித்திருக்கும். ஃபோர்க்கைப் பக்கவாட்டில் பார்த்தால் கால்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டது தெரியும்.

நேர்த்தியைப் பார்க்க ஒரு நூல் போதும். பின் டிராப்அவுட் ஒன்றிலிருந்து நூலை இழுத்து, ஹெட் டியூபைச் சுற்றி, மறுபக்க டிராப்அவுட்டுக்குக் கொண்டுவந்து கட்டுங்கள். சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. மூன்று நான்கு என்றால் ஃபிரேம் கட்டுபவரிடம் காட்டுங்கள். ஸ்டீல் என்பதால் பெரும்பாலும் திருத்திவிடலாம், குழாய் மாற்றக்கூட முடியும்.

சீட் பில்லர் அசையவே மாட்டேங்குது. என்ன பண்றது?

ஸ்டீல் குழாய்க்குள் அலுமினிய பில்லர், நடுவில் வியர்வையும் மழைநீரும். பல வருடம் அசையாமல் இருந்தால் இரண்டும் சேர்ந்து அரித்து, அலுமினிய ஆக்சைடு ஆப்பு அடித்தது போல இறுகிவிடும். முதலில் கிளாம்ப் போல்ட்டை முழுதாகக் கழற்றுங்கள். ஊடுருவும் எண்ணெயை மேலிருந்தும், ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி பி.பி. கூட்டின் வழியாக உள்ளிருந்தும் விட்டு, சில நாள் சும்மா விடுங்கள். பொறுமைதான் இதில் பாதி வேலை. பிறகு சீட்டை மாட்டி முறுக்கிப் பாருங்கள். மேலே இழுப்பதைவிட முறுக்குவதுதான் பலன் தரும்.

வெப்பம் காட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அலுமினியம் ஸ்டீலைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரியும், ஆகவே சூடாக்கினால் பிடி இறுகும், குளிர்வித்தால்தான் தளரும். பில்லருக்குள் உலர்பனி போட்டுக் குளிரவைத்து, உடனே முறுக்குவது நல்ல வழி. அசல் பெயின்ட் உள்ள ஃபிரேமில் நெருப்பைக் காட்டவே கூடாது.

எதற்கும் மசியாவிட்டால் பில்லரைத் தியாகம் செய்ய வேண்டியதுதான். மேலே வெட்டிவிட்டு, உள்ளே ஹாக்சா பிளேடை நுழைத்து நீளவாக்கில் அறுத்து, சுருட்டி எடுக்கலாம். குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை என்பதை மறக்காமல் அறுங்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், ஸ்டீலைத் தொடாது. ஆனால் கொதிக்கும், எரியக்கூடிய ஹைட்ரஜனை விடும், கண்ணையும் தோலையும் பெயின்டையும் தின்றுவிடும். பழக்கமில்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

ஸ்டெம்மும் இப்படித்தான் மாட்டிக்கிச்சு.

மேலே உள்ள போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் சில சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் மரச்சுத்தியால் ஒரு தட்டு. கீழே இருக்கும் கூம்பு விடுபட்டால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் பில்லருக்குச் சொன்ன அதே வைத்தியம்.

துரு எவ்வளவு இருந்தா பரவாயில்லை? ஆக்ஸாலிக் அமிலம் போடலாமா?

மேலே பழுப்பாகப் படிந்திருப்பது அழகுப் பிரச்சினை. குழாய்க்குள் இருப்பதுதான் ஆபத்து. பி.பி. கூட்டைத் திறந்து விளக்கடித்துப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் குழாயைத் தட்டிக்கொண்டே போனால், உள்ளே அரித்த இடத்தில் சத்தம் மந்தமாகும். பெயின்ட் கொப்புளித்த இடத்தை நகத்தால் அழுத்தி உள்வாங்கினால் அந்தக் குழாய் முடிந்தது.

ஆக்ஸாலிக் அமிலம் நல்ல மருந்து. பெயின்டையும் நிக்கலையும் குரோமையும் பெரும்பாலும் விட்டுவிட்டுத் துருவை மட்டும் தின்னும். லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 கிராம் போதும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சிவப்புப் பெயின்டும் எழுத்துகளும் சில சமயம் வெளுக்கும் என்பதால் மறைவான இடத்தில் முதலில் சோதியுங்கள். அலுமினிய பாகங்களை அதில் முக்காதீர்கள். விஷம் அது, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி துரு பூக்கும்.

குழாய்களின் உட்புறத்துக்குக் காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் விட்டுச் சுழற்றி வடித்தால் காய்ந்து தோலாகப் படியும். அந்த எண்ணெய் பட்ட துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

பெயின்ட் நிறைய இடத்துல உதிர்ந்திருக்கு. புதுசா அடிச்சிடவா?

பாதிக்கு மேல் அசல் பெயின்ட் மிச்சமிருந்தால் என் பதில் வேண்டாம் என்பதே. கீறலும் மங்கலும் உள்ள அசல் நிறத்தை எத்தனை திறமையான பெயின்டரும் திரும்பக் கொண்டுவர முடியாது. அடையாளம் காண உதவும் சான்றுகளும் அதோடு போய்விடும். உதிர்ந்த இடத்தில் துருவை நிறுத்தி, நிறம் பொருத்தி மெல்லிய தூரிகையால் தொட்டுவிட்டு, மேலே மெழுகு பூசினால் போதும். எழுத்துகளின் மேல் வார்னிஷ் இல்லாவிட்டால் பாலிஷ் தேய்த்தாலே கரைந்து போகும், அங்கே சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்பே யாரோ வீட்டு பிரஷ்ஷால் அடித்துக் கெடுத்திருந்தால் கதை வேறு. அப்போதும் சுரண்டிப் பாருங்கள், அடியில் அசல் நிறம் உயிரோடு இருக்கக்கூடும். புதிதாக அடிப்பதாக முடிவு செய்தால் மணல் பீய்ச்சி அடித்துச் சுரண்டுபவரிடம் மெல்லிய குழாய் என்று சொல்லி வையுங்கள். தடித்த பவுடர் கோட்டிங் லக்கின் கூர்மையான ஓரங்களை மழுக்கிவிடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

அலுமினிய பாகங்களைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணலாமா?

அனோடைஸ் செய்த பாகமா என்று முதலில் பாருங்கள். மேவிக் ரிம்களின் சாம்பல் நிறம், கம்பான்யோலோ சூப்பர் ரெக்கார்ட் பாகங்களின் மங்கிய பட்டுப் பளபளப்பு எல்லாம் மேற்பூச்சு. தேய்த்தால் போய்விடும், திரும்ப வராது. அனோடைஸ் செய்யாத ஸ்டெம், ஹேண்டில்பார், பழைய கிராங்க் போன்றவற்றை பாலிஷ் செய்யலாம், ஆனால் பொறித்த எழுத்துகள் மழுங்கும் வரை தேய்க்க வேண்டாம்.

கிராங்க் கழட்ட எந்த ரிமூவர் வேணும்?

பொது அளவு 22 மில்லிமீட்டர். பிரெஞ்சு டிஏ கிராங்குக்கு 23, பழைய ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35. 23 மில்லிமீட்டர் ரிமூவரை ஸ்ட்ராங்லைட்டில் போட்டால் பொருந்துவது போலத் தோன்றி, அழுத்தம் கொடுத்ததும் மரையை உரித்துக்கொண்டு வெளியே வரும். போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரை எடுத்தீர்களா என்பதையும் பாருங்கள். காட்டர் பின் (ஆப்பு போல இறுக்கும் ஊசி) போட்ட பழைய ஸ்டீல் கிராங்காக இருந்தால் சுத்தியலைத் தொடாமல், காட்டர் பிரஸ் தேடுங்கள். பெடலைக் கழற்றும்போது இடப்பக்கம் இடது மரை.

சக்கரத்தைப் புது ரிம்ல கோக்கப் போறேன். ஸ்போக்கை வெட்டிடவா?

ஃப்ரீவீலைக் கழற்றுவதற்கு முன் ஒரு ஸ்போக்கையும் வெட்டாதீர்கள். ரிம் இல்லாத ஹப்பைப் பிடித்துத் திருப்ப வழியே இல்லை. சரியான ஃப்ரீவீல் ரிமூவரை அச்சின் நட்டால் அழுத்திப் பிடித்து, ரிமூவரை வைஸில் மாட்டி, ரிம்மையே ஸ்டியரிங் போலத் திருப்புங்கள்.

பேரிங் எல்லாம் மாத்தணுமா?

குண்டுகளை மட்டும் மாற்றுங்கள், அது போதும். கப்பிலும் கோனிலும் பள்ளம் விழாமல் வெறும் பளபளப்பான தடம் மட்டும் இருந்தால் இன்னும் பல வருடம் ஓடும். வழக்கமாக கால் அங்குலக் குண்டுகள் பி.பி.யில் பக்கத்துக்கு 11, பின் ஹப்பில் பக்கத்துக்கு 9. முன் ஹப்பும் ஹெட்செட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் கழற்றும்போதே எண்ணி அளந்துவிடுங்கள். பழைய குண்டையும் புதிய குண்டையும் கலக்கக்கூடாது.

பின் ஃபிரேம் இடைவெளி 120தான் இருக்கு. விரிச்சுப் புது சக்கரம் போடலாமா?

ஸ்டீல் ஃபிரேமைக் குளிர்ந்த நிலையில் 126க்கு விரிக்கலாம், தெரிந்தவர் செய்தால் கெடாது. விரித்த பிறகு மேலே சொன்ன நூல் சோதனையும், டிராப்அவுட்டுகள் இணையாக இருக்கின்றனவா என்ற சோதனையும் கட்டாயம். அரிய ஃபிரேம் என்றால் நான் செய்ய மாட்டேன். பழைய ஹப் தேடுவதே சரி.

27 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 700சி போடுவது சுலபம். டயர் உட்காரும் விட்டம் 630க்கும் 622க்கும் 8 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆகவே பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். பிரேக் கையின் நீளம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அசல் பாகம் கிடைக்கலை. வேற போட்டா தப்பா?

தப்பில்லை, அதே காலத்துப் பாகமாக இருந்தால் கண்ணுக்கும் உறுத்தாது. இத்தாலியின் கயோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடக்கும் லெரோயிகா ஓட்டத்தில் 1987 வரையிலான சைக்கிள்களே வரலாம்: கியர் லீவர் டவுன் டியூபில், பெடலில் டோ கிளிப் (பாதத்தைப் பிடிக்கும் கொக்கி), பிரேக் கேபிள் வெளியே தெரிய வேண்டும். எந்தக் காலத்தை நோக்கிப் போவது என்று குழம்புபவர்களுக்கு இந்த மூன்று விதியும் நல்ல வழிகாட்டி.

மீட்டெடுத்தாச்சு. இனி தைரியமா ஓட்டலாமா?

ஃபிரேம் நல்ல ஸ்டீலாக இருந்து அடிபடாமல் இருந்தால் அதைப் பற்றிப் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது அலுமினியத்துக்கு. ஸ்டெம் பிடிக்கும் இடத்தில் ஹேண்டில்பாரையும், ஸ்டெம்மின் தண்டில் பிளவு முடியும் இடத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கம்பான்யோலோ ரெக்கார்ட் கிராங்கில் கையும் செயின்ரிங்கைத் தாங்கும் விரல்களும் சேரும் மடிப்பில் விரிசல் தோன்றுவது பலருக்குத் தெரிந்த நோய். விரிசல் தெரிந்தால் சுவரில் மாட்டி அழகு பாருங்கள், ஓட்டாதீர்கள். சிம்ப்ளெக்ஸின் பிளாஸ்டிக் டிரெய்லர்கள் வயதாக வெடிக்கும். லாம்பர்ட், வைகவுன்ட் சைக்கிள்களில் வந்த அலுமினிய ஃபோர்க் உடைவதற்குப் பேர் போனது, அதை மட்டும் அசல் என்பதற்காக வைத்துக்கொள்ளவே கூடாது.

கேபிள், பிரேக் கட்டை, டயர் மூன்றும் புதிதுதான். ரிம்மில் பசை போட்டு ஒட்டிய பழைய டியூபுலர் டயர் காற்று பிடித்தாலும் நம்பாதீர்கள். அடிப்பட்டை காய்ந்து பிரிந்தால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

நம்பரை யாரோ அரத்தால ராவியிருக்காங்க. வாங்கலாமா?

விட்டுவிடுங்கள். பெயின்டர் கவனமில்லாமல் ராவியிருக்கலாம் என்று விற்பவர் சொல்வார், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் திருட்டுச் சைக்கிளா என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது, நாளை விற்கும்போது அதே கேள்வி உங்களை நோக்கி வரும். ஃபோர்க் தண்டில் இணை எண் இருந்து, வாங்கிய ரசீதோ பழைய படமோ கூட இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட காட்டினேன். ஒருத்தர் இத்தாலிய மாசி பட்டறை செஞ்சதுங்கறார், இன்னொருத்தர் இல்லைங்கறார். யாரை நம்பறது?

ஆளை விட்டுவிட்டு ஆதாரத்தைக் கேளுங்கள். லக்கின் வெட்டு, ஸ்டே நுனியின் வடிவம், எண்ணின் எழுத்துரு, மரை, பில்லர் அளவு: இவற்றில் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள்? பெயர் தெரிந்த ஃபிரேமின் அதே மூட்டுகளின் படங்களோடு உங்கள் முதல் நாள் படங்களை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். ஒரே ஆலையின் லக்குகளைப் பல பட்டறைகள் வாங்கிப் பயன்படுத்தின, ஆகவே லக் ஒத்துப்போனது மட்டும் போதாது. அதை அரத்தால் எப்படி மெலிதாக்கினார்கள், ஓரங்களை எப்படி முடித்தார்கள் என்பதில்தான் பட்டறையின் கை தெரியும்.

எல்லாம் பார்த்த பிறகும் முடிவாகவில்லை என்றால் "பில்டர் தெரியவில்லை, இத்தாலிய மரை, கொலம்பஸ் குழாய், 1970களின் முற்பகுதி" என்று எழுதி வையுங்கள். விற்க நேர்ந்தாலும் அப்படியே சொல்லுங்கள். மாசி ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிவிட்டால் அடுத்து வாங்குபவர் இந்தப் பக்கத்தின் இரண்டாவது கேள்வியோடு வந்து நிற்பார்.